எட்டடி பிளைவுட்

அத்தியாயம் 14

போன வாரம் ஆடிட்டர் ஒரு மஞ்சள் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள் அல்லவா, இன்னும் எழுந்திருக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். உடம்பு மட்டும் எழுந்து, குளித்து, பஸ் பிடித்து, ஆபீசைத் திறந்திருக்கிறது.

ஆடிட்டர் என்பது வீட்டில் வைத்த பெயர். அதற்கான பரீட்சையை அவள் மூன்று முறை எழுதினாள். மூன்று முறையும் பரீட்சைதான் ஜெயித்தது. வீட்டார் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பட்டத்தைத் தாங்களே கொடுத்துவிட்டார்கள். உண்மையில் அவள் வரி ஆலோசகர். சின்னக் கடைக்காரர்கள் பிளாஸ்டிக் பையில் பில்களைத் திணித்துக்கொண்டு வருவார்கள். அவள் அதைக் கணக்காக்கி அனுப்புவாள்.

பாதியில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு சின்னச் சுற்று.

ஒன்பது வருடத்துக்கு முன்பு அவளுடைய அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து ஒரே சலவைக்கடை வைத்திருந்தார்கள். அப்பா வெளுப்பார், சித்தப்பா இஸ்திரி போடுவார். வியாபாரம் வளர்ந்து வரி வரம்பைத் தொடும் நிலைக்கு வந்தது. வரம்புக்குள் இருந்தால் வருடத்துக்கு ஒரு தாள், ஒரு சின்னத் தொகை. தாண்டினால் மாதாமாதம் கணக்கு, லாபத்தில் பெரிய துண்டு. அப்போதுதான் ஆபீஸ் போட்டிருந்த ஆடிட்டர், கடையை இரண்டாக்கினால் இரண்டுமே வரம்புக்குள் வந்துவிடும் என்று கண்டுபிடித்தாள். கடையின் நடுவில் எட்டடி உயரத்துக்கு ஒரு பிளைவுட் சுவர் எழுந்தது. இந்தப் பக்கம் வெளுப்பு, அந்தப் பக்கம் இஸ்திரி. சுவரில் கதவு வைக்க வேண்டாம், வைத்தால் ஒரே கடைதான் என்று அதிகாரி எழுதிவிடுவார் என்று சொன்னதும் அவள்தான்.

ஆகவே ஒவ்வொரு சட்டையும் அப்பாவிடம் வெளுத்து, வாசல் வழியாகத் தெருவுக்கு வந்து, ஐந்து எட்டு நடந்து, சித்தப்பாவின் வாசலுக்குள் நுழைந்து இஸ்திரியானது. மழை நாளில் காய்ந்த சட்டைகள் குடைக்குள் போயின. ஒரு சட்டைக்கு இரண்டு பில் வாங்கிய வாடிக்கையாளர்கள், இது பெரிய இடம் போலிருக்கிறது என்று மரியாதையாகப் போனார்கள்.

பிரிந்தது நிஜம்தானா என்று பார்க்க ஓர் அதிகாரி வரப்போவதாகத் தகவல் வந்தது. ஆடிட்டர் ஒரு மஞ்சள் தாளில் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரு சண்டை எழுதினாள். அப்பாவுக்கு நீல மை, சித்தப்பாவுக்குச் சிவப்பு மை. சண்டை, ஹேங்கர்கள் யாருடையவை என்பதைப் பற்றி. அதிகாரி பதினொரு மணிக்கு வந்தார், தண்ணீர் குடித்தார், சண்டையைப் பார்த்தார். ‘தனித்தனி நிறுவனங்கள். உரிமையாளர்களிடையே நல்லுறவு இல்லை’ என்று எழுதிவிட்டுப் போனார். ஆடிட்டரின் முதல் இருபது வாடிக்கையாளர்கள் அந்த அறிக்கையின் நகலைப் பார்த்து வந்தவர்கள்தான்.

அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசவில்லை. ஏன் என்பது அவளுக்கு விளங்கவே இல்லை, போன வாரம் பழைய ஃபைலிலிருந்து அந்தத் தாள் விழுந்து, அதன் பின்பக்கம் தெரியும்வரை. பின்பக்கத்தில் பென்சிலில், அவளுடைய கையெழுத்திலேயே, அப்பா சொல்ல வேண்டிய ஒரே ஒரு வாக்கியம்:

‘இவனைச் சுமந்து சுமந்தே என் முதுகு வளைஞ்சிடுச்சு. இவன் இல்லாம இருந்தா நான் எப்பவோ நாலு கடை போட்டிருப்பேன்.’

சண்டை சப்பென்று இருப்பதாகக் கடைசி நிமிடத்தில் தோன்றி எழுதியது. அப்பாவிடம் மட்டும் காட்டியது. சித்தப்பாவிடம் கொடுத்த நகலில் முன்பக்கம்தான் இருந்தது. அவருடைய முகத்தில் உண்மையான உணர்ச்சி வரட்டும் என்று அவள் யோசித்திருக்கிறாள். யோசித்ததையே மறந்தும் போயிருக்கிறாள்.

இனி இன்றைக்கு வருவோம்.

இந்த வருடம் சட்டம் மாறிவிட்டது. வரம்பை இரண்டு மடங்காக்கிவிட்டார்கள். கூடவே இன்னொன்றும் சொல்லிவிட்டார்கள்: ஒரே முகவரியில் ஒரே தொழில் செய்கிற உறவினர்களின் கடைகளை இனி ஒன்றாகத்தான் எண்ணுவோம். தாங்களாகவே ஒன்று சேர்ந்து படிவம் அனுப்புகிறவர்களுக்குப் பழையதெல்லாம் மன்னிப்பு. அனுப்பாதவர்கள், விற்பனை எவ்வளவானாலும், பிரிந்த நாளிலிருந்து வரி, வட்டி, அபராதம் மூன்றையும் கட்ட வேண்டும். சலவைக்கடைகள் இரண்டையும் விற்றாலும் அந்தத் தொகைக்குக் காணாது. கெடு இன்று மாலை ஐந்து மணி. தேவை இரண்டு கையெழுத்து.

அரசாங்கமே மன்னிக்க வந்துவிட்டது. பாக்கி இருந்தவர்கள் இரண்டே பேர்.

காலையில் முதலில் வந்தது ஜெராக்ஸ் கடை அக்காவும் தம்பியும். கடை நன்றாக ஓடுகிறதாம். அடுத்த வருடம் புது வரம்பையும் தாண்டிவிடும் போலிருக்கிறதாம். ஒரே முகவரி கூடாது என்றால் தம்பி பக்கத்துத் தெருவில் தனியாகப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டார்கள். நூறு பேருக்குச் சொன்ன பதில் அவள் நாக்கின் நுனியிலேயே இருந்தது. அது வெளியே வரவில்லை.

சேர்ந்தே இருங்கள், தாண்டினால் கட்டிவிடுங்கள் என்றாள். கூடுதலாக ஆகும் தொகையையும் ஒரு தாளில் போட்டுக் காட்டினாள்.

தம்பிக்காரன் தாளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். “மேடம், வரி கட்டறதுன்னா நாங்களே கட்டிப்போமே. உங்ககிட்ட எதுக்கு வரணும்?”

“உங்க வீட்லயே பிரிச்சுக் குடுத்தீங்கன்னு சொன்னாங்க” என்றாள் அக்கா.

“ஆமா. அதனாலதான் சொல்றேன்.”

அவர்கள் படியிறங்கும்போது, இந்த அம்மாவுக்கு மார்க்கெட் போச்சு என்று தம்பி சொன்னது மாடிவரை கேட்டது. அவன் குரலில் வருத்தம்கூட இருந்தது. நல்ல பையன்.

அவர்கள் போனதும் சலவைக்கடைகளின் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தாள். போன வருட விற்பனையைக் கேட்டிருந்தார்கள். அப்பாவுடையதை எழுதினாள், சித்தப்பாவுடையதை எழுதினாள், கூட்டினாள். தப்பாகக் கூட்டிவிட்டோம் என்று நினைத்து மறுபடி கூட்டினாள். அதற்கு முந்தைய வருடங்களையும் எடுத்துக் கூட்டினாள்.

பேச்சு நின்ற பிறகு சித்தப்பா தனக்கென்று வெளுக்கும் மிஷின் வாங்கினார். அப்பா தனக்கென்று இஸ்திரி மிஷின் வாங்கினார். அப்பா தேய்த்த சட்டையில் காலர் படுத்துக்கொண்டது. சித்தப்பா வெளுத்த சட்டையில் கறை அப்படியே உட்கார்ந்திருந்தது. கறையும் போக வேண்டும், காலரும் நிற்க வேண்டும் என்று நினைத்தவர்கள் மூன்றாவது ஒரு கடைக்குப் போய்விட்டார்கள்.

இரண்டு கடைகளையும் கூட்டினால் பழைய வரம்பின் முக்கால்தான் வந்தது. ஆறு வருடமாக அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. இரண்டு ரிட்டர்னையும் வருடா வருடம் போட்டவள் அவள்தான். தனித்தனி ஃபைல் என்பதால் கூட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

மூன்று மணிக்கு அப்பா கடைக்குப் போனாள். அவர் ஒரு வெள்ளைச் சட்டைப் பையின் மைக்கறையை விரல் நுனியால் வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். கறை எடுக்கும்போது அவர் முகத்தில் டாக்டர் களை வந்துவிடும்.

“வாங்க ஆடிட்டர். பக்கத்துல போட்டாச்சா?”

நீங்கள் முதலில் போடுங்கள் என்றாள். அவன் போட்டால் போடுகிறேன் என்றார். இந்தப் பேச்சு இந்த ஒரு மாதத்தில் பதினோராவது முறை நடக்கிறது. படிவத்துக்குப் பதிலாக அவள் மஞ்சள் தாளை எடுத்து, பின்பக்கம் மேலே இருக்கும்படி மேஜையில் வைத்தாள்.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடி போட்டார். படித்தார். இது நீ சொல்லச் சொன்னதுதானே என்று சாதாரணமாகக் கேட்டார்.

“சித்தப்பாகிட்ட இதைக் காட்டலப்பா. அவருக்குத் தெரியாது. அவர் முகம் தானா மாறட்டும்னு நெனச்சேன்.”

அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

“மாறிச்சு” என்றார்.

பிறகு துண்டு துண்டாகச் சொன்னார். முதல் மாதம் தம்பி பேசாதபோது, பையன் எவ்வளவு கச்சிதமாக நடிக்கிறான் என்று அவருக்குப் பெருமையாகக்கூட இருந்ததாம். இரண்டாம் மாதம், இவ்வளவு தேவையா என்று நினைத்தாராம். நாலாம் மாதம் தெருவில் எதிரே வந்தவன் பார்க்காமல் போனபோது, அக்கம் பக்கத்தில் ஒரு ஈ காக்காய்கூட இல்லையாம். யாருக்காக நடித்தான் என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, மூன்றாம் நாள் போய் இஸ்திரி மிஷினுக்குப் பணம் கட்டிவிட்டு வந்தாராம்.

படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். அவருடைய கையெழுத்து எப்போதும் பெயரைவிட நீளமாக இருக்கும். இன்று பாதியில் நின்றது.

நீங்களும் வாருங்கள் என்று அவள் கூப்பிட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினார். “நீ போய்ச் சொல்லு. எழுதினவ நீதானே.”

அவள் தெருவுக்கு இறங்கி ஐந்து எட்டு நடந்தாள். சின்ன வயதில் இந்த இடத்தில் அப்பாவின் சோப்பு நுரைக்கும் சித்தப்பாவின் நீராவிக்கும் நடுவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறாள். இப்போது அதே இடத்துக்குச் செருப்புப் போட்டுக்கொண்டு போக வேண்டியிருந்தது.

சித்தி ஹேங்கர்களை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும், சும்மா ஒழித்துச் சுத்தம் பண்ணுகிறோம் என்று கேட்காமலே சொன்னாள். சுவரில் காலண்டர் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. போன மாதம் ஓர் ஆள் இங்கே டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தது ஆடிட்டருக்கு நினைவு வந்தது. புது அலமாரிக்கு என்று அன்றைக்கு நினைத்திருந்தாள். இன்றைக்கும் அப்படியே நினைத்துக்கொண்டாள். எண்களைத் தவிர மற்றவற்றை அவள் கவனிப்பது இந்த அளவில்தான்.

சித்தப்பா ஒரு காலரை நீவிக்கொண்டிருந்தார். “வா பாப்பா” என்றார். பாப்பாவுக்கு முப்பத்தாறு வயது.

அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மஞ்சள் தாள், பென்சில், நகல், முன்பக்கம், பின்பக்கம். வாடிக்கையாளர்களுக்குச் சட்டப்பிரிவு சொல்கிற அதே குரலில் ஆரம்பித்தாள். பாதியில் அந்தக் குரல் கைவிட்டுவிட்டது.

“அந்த வார்த்தை அப்பாவோடது இல்ல சித்தப்பா. நான் எழுதிக் குடுத்தது.”

சித்தப்பா காலரை முடித்தார். சட்டையைத் திருப்பினார்.

“தெரியும்” என்றார்.

சித்தி பெட்டியில் ஹேங்கர் வைப்பதை நிறுத்தினாள்.

“நாலு கடைன்னெல்லாம் உங்கப்பாவுக்கு நெனைக்க வராது பாப்பா. ஒரு கடைக்கே அவருக்கு மூச்சு வாங்கும். அது உன் கணக்கு. அன்னிக்குச் சாயங்காலமே தெரிஞ்சிடுச்சு.”

“அப்புறம் ஏன் சித்தப்பா?”

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “மத்த எல்லாத்தையும் உள்ளங்கையில எழுதி வச்சுக்கிட்டு, பார்த்துப் பார்த்துச் சொன்னாரு. ஹேங்கர்னு சொல்றதுக்கே ரெண்டு தடவ பார்த்தாரு. இதை மட்டும் என் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னாரு.”



பிளைவுட் எட்டடிதான். கூரை அதற்கும் மேலே மூன்றடி தள்ளி இருந்தது. இத்தனை வருடமும் அந்தப் பக்கத்து மிஷின் சத்தம் அந்த இடைவெளி வழியாக வந்துகொண்டே இருக்கும். இன்று வரவில்லை என்பதை மூன்று பேரும் ஒரே சமயத்தில் கவனித்தார்கள்.

“நெஜம்தான்டா” என்றது சுவர்.



அப்பாவின் குரல் அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாக வந்தது. அன்று காலை மிஷின் மக்கர் பண்ணியது, நீ லேட்டாக வந்தாய், நான் எரிச்சலில் இருந்தேன் என்றார். பாப்பா தாளை நீட்டியபோது, நம் மனசில் இருப்பது இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று தூக்கிவாரிப் போட்டது என்றார்.

“ஒரு நிமிஷம்தான்டா அப்படி இருந்துச்சு. அன்னிக்கே சொல்லிடலாம்னு எழுந்தேன். சுவத்துல கதவு இல்ல. தெரு வழியா வந்தா யாராச்சும் பார்த்து எழுதிடுவாங்க, ஆறு மாசத்துக்குப் பேச்சு வச்சுக்காதீங்கன்னு ஆடிட்டர் சொல்லியிருந்தா.”

சொல்லியிருந்தாள். அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. பாதுகாப்புக்காக ஆறு மாதம். டைரியில்கூடக் குறித்து வைத்திருந்தாள். ஆறு மாதம் முடிந்துவிட்டது, இனிப் பேசலாம் என்று சொல்வதற்கு மட்டும் விட்டுப்போயிற்று. அந்த மாதம் ரிட்டர்ன் சீசன்.

சித்தி முந்தானையால் பெட்டியின் மேல் இல்லாத தூசியைத் துடைத்தாள்.

மணி நாலு முப்பத்தைந்து. சித்தப்பா படிவத்தை வாங்கினார். அண்ணனுடைய அரைக் கையெழுத்தைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்கு மேலே ‘உரிமையாளர்’ என்று அச்சடித்திருந்தது. அதைப் படித்தவர், பேனாவை மூடிவிட்டார்.

“சொல்லிடுங்க” என்றாள் சித்தி.

கடையைப் போன மாதம் பேசி முடித்துவிட்டாராம். செல்போன் ரிப்பேர் செய்கிற ஒருவருக்கு. அட்வான்ஸும் வாங்கியாகிவிட்டது. ஆறு வருடமாகக் கையைக் கடித்துக்கொண்டிருந்ததாம். ஏற்கெனவே உன்னிடம் சொல்லியிருக்கலாம், ஆனால் உன்னிடம் சொன்னால் அது பக்கத்துக் கடைக்குத் தெரிந்துவிடும் என்றார்.

பக்கத்துக் கடைக்கு இப்போது தெரிந்துவிட்டது.

ஆடிட்டரின் மூளை தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தது. பத்திரம் எப்போது என்று கேட்டாள். நாளைக் காலை என்றார். அப்படியானால் சட்டப்படி இன்று முழுக்க நீங்கள்தான் உரிமையாளர், அட்வான்ஸ் என்பது விற்பனை ஆகாது, திருப்பிக் கொடுத்துவிடலாம், கையெழுத்துப் போடலாம், ஒரு தடையும் இல்லை என்று மளமளவென்று அடுக்கினாள். சொல்வதெல்லாம் சரிதான். அதில் ஒரு பிழைகூடக் கிடையாது.

சித்தப்பா அவளைக் கோபமே இல்லாமல் பார்த்தார். அதுதான் தாங்கவில்லை.

“சட்டம் என்ன சொல்லுதுன்னு நான் கேக்கல பாப்பா. ஒம்போது வருஷமா சட்டம் சொன்னபடிதானே இருந்தோம்.”

பிறகு சுவரைப் பார்த்தார். பேசியது யாரிடம் என்று சரியாகச் சொல்ல முடியாது.

“அந்த ஆளு பார்க்க வந்தப்ப முதல்ல இந்தச் சுவத்தைத்தான் தட்டிப் பார்த்தான். கெட்டியா இருக்குமான்னு கேட்டான். அண்ணனும் நானும் சேர்ந்து நின்னு அடிச்ச ஆணிய்யா, எங்கயும் போகாதுன்னு சொன்னேன்.”

மணி நாலு நாற்பத்தெட்டு. படிவம் மேஜையில், மூடிய பேனா அதன் மேல். அபராதத் தொகை ஆடிட்டருக்கு மனப்பாடம். அதை இப்போது வாய்விட்டுச் சொன்னால் சித்தப்பா கையெழுத்துப் போட்டுவிடுவார் என்பதும் தெரியும். அவரை மசியவைக்க அந்த ஒரு எண் போதும். வாழ்க்கையில் முதல் முறையாக அவள் ஓர் எண்ணைச் சொல்லாமல் விழுங்கினாள்.

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. செருப்பைத் தேடும் சத்தம். பிறகு வாசற்படியில் ஒரு கால் இறங்கியது.

சித்தி எழுந்து நின்றாள். சித்தப்பா எழுந்திருக்கவில்லை. ஆனால் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார்.

ஒன்று. இரண்டு. அப்பாவின் செருப்பு எப்போதும் இடது பக்கம் கொஞ்சம் இழுக்கும். மூன்று. நாலு.

எத்தனை சட்டை போன வழி அது. ஐந்தே எட்டுதான் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஐந்தாவது எட்டின் சத்தத்துக்காக உள்ளே மூன்று பேர் காத்திருந்தார்கள். வாசலில் ஒரு நிழலின் விளிம்பு வந்து நின்றிருந்தது.